வலது பக்கம் மட்டும் உடையும் முடி

முத்துமாரியின் முடி வலது பக்கம் மட்டும் உடைந்துகொண்டிருந்தது.

இடது பக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சுருள்கள் தனித்தனியாக, பளபளப்பாக, தோளைத் தாண்டி இறங்கின. வலது பக்கத்திலோ, தோளுக்குச் சற்று மேலே ஒரு கற்றை முழுவதும் எலி கடித்ததுபோல ஏறுக்குமாறாக நின்றது. மத்தியானம் கடையில் டிபன் பாக்ஸைத் திறந்து உட்காரும்போது பார்த்தால் குர்த்தாவின் வலது தோளில் பொடிப்பொடியாகத் துண்டுகள் கிடக்கும். ஒன்றை எடுத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வேரோடு உதிர்ந்த முடியாக இருந்தால் ஒரு முனையில் வெள்ளையாக, கடுகைவிடச் சிறியதாக ஒரு முடிச்சு இருக்கும். அது எல்லார் தலையிலும் தினமும் நடப்பது, பயப்பட ஒன்றுமில்லை. இந்தத் துண்டுகளில் முடிச்சு இல்லை. இரண்டு முனையும் மொட்டை. உதிரவில்லை, நடுவில் ஒடிந்திருக்கிறது.

வேறு தொழில் செய்கிறவள் என்றால் ஒரு கிளிப்பைக் குத்தி மறைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். முத்துமாரியின் தொழிலே முடி. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அவளுக்கு ஒரு பார்லர் இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை கழுவ ஒரு பேசின், அவ்வளவுதான். முன்பு பெரிய பார்லர் ஒன்றில் வேலை பார்த்தபோது மற்றவர்களுக்கு மருந்து போட்டு முடியை நேராக்கும் ஸ்மூத்னிங் செய்துவிட்டுத் தனக்கும் செய்துகொண்டவள். வருடத்துக்கு ஒரு முறை நேராக்கி நேராக்கி, கடைசியில் சீப்பு பட்டாலே முறியும் வைக்கோலாகிவிட்டது தலை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எறிந்து, வேரிலிருந்து வந்த சுருட்டையை வளர்த்தெடுத்தாள். அந்தத் தலையைப் பார்த்துத்தான் பெண்கள் வந்தார்கள். "எக்கா, எனக்கும் இப்பிடி வருமா?" என்று கேட்டார்கள். சந்தில் எல்லாரும் அந்த இடத்துக்குச் சுருட்டைக் கடை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவள் தலைதான் பலகை. இப்போது அந்தப் பலகை வலது பக்கம் அரிபட்டுக்கொண்டிருந்தது.

உடைந்த முடியை யாராலும் ஒட்ட முடியாது. இதை அவள் வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவாள். முடி உயிரில்லாத பொருள். காயம் ஆறுவதுபோல ஆறாது. அதன் மேல்தோல் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கும். செதில் படிந்திருந்தால் முடி மினுங்கும். தூக்கிக்கொண்டாலோ, உரிந்துபோனாலோ உள்ளே இருக்கும் நார் வெளியே தெரியும். கண்டிஷனர் என்பது அந்த இடைவெளிகளில் பூசும் ஒரு பூச்சு. ஆகையால் முடியைச் சரிசெய்வது என்றால், மீதியிருப்பதை உடையாமல் காப்பது. உடைப்பது எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த முறை அந்தப் பாதி வேலைதான் நடக்கவில்லை.

மே மாதக் கடைசியில்தான் வீடு மாற்றியிருந்தார்கள். கடைக்கு இரண்டு சந்து தள்ளி இருந்த வாடகை அறையை விட்டு மான்குர்த்தில் ஒரு கட்டிடத்துக்குப் போனார்கள். புது இடத்துத் தண்ணீர் என்று முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டாள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும். ஒரு வாரம் கடையிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுபோய்த் தலையை அலசினாள். உடைந்தது. எண்ணெயை மாற்றினாள். உடைந்தது. ஈரப்பசை போதவில்லை போலும் என்று, காலையில் தலையை நனைத்துச் சுருள்களைத் திரட்டும்போது கிரீமை இரண்டு மடங்காகப் பூசி, தண்ணீரையும் இன்னும் தாராளமாகத் தெளித்துக்கொண்டு கிளம்பினாள். இன்னும் அதிகமாக உடைந்தது.

கவனிக்கக் கவனிக்கக் கெட்டுப்போனது என்பதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. நாற்காலியில் ஒருத்தியை உட்கார வைத்துத் தலை அலசும்போதும் இடது கை தன்னையறியாமல் வலது தோளருகே போய் அந்தக் குட்டை முனைகளைத் தடவிப் பார்த்துவிட்டு வரும். ஒரு பெண், "எக்கா, என் தலை இங்கன இருக்கு," என்று சொல்லியே விட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு அதை மறந்து கண்ணாடி முன்னால் நின்றவளைப் பார்த்துக் கணவன் சுடலைக்கண்ணன் சிரித்தான். அவன் ஏசி மெக்கானிக். வீட்டில் எது பழுதானாலும் முதலில் கேள்விதான் கேட்பான், ஸ்குரூ டிரைவரை அப்புறம்தான் எடுப்பான்.

"ஏட்டி மாரி, கல்லு புகையுது. முடிக்குப் பொறவு இப்ப தோசையும் போச்சி."

"உங்களுக்கு எல்லாம் கேலிதான்."

"கேலி பண்ணல. ஒண்ணு கேக்கேன். தண்ணி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான ஊத்துத? எண்ணெயும் ரெண்டு பக்கமும் அதேதான?"

"ஆமா. இடதுக்குத் தேங்கா எண்ணெய், வலதுக்கு இன்ஜின் ஆயிலா வைக்கேன்?"

"அப்பம் தண்ணியும் எண்ணெயும் குத்தவாளி இல்ல. ரெண்டு பக்கமும் படுற சாமான் ஒரு பக்கத்த மட்டும் எப்பிடி ஒடைக்கும்? ஒரு பக்கம் மட்டும் என்ன படுதுன்னு பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். கடுப்பாக இருந்தது, ஏனென்றால் அவன் சொன்னது சரி.

"தலகாணி," என்றாள். "ஆனா நான் இடது பக்கமா ஒருக்களிச்சுத்தான் படுப்பேன்."

"அதுவும் எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு," என்றான் அவன். "போன். எந்தக் காதுல பேசுத?"

"இடதுல. வலது கைலதான் சீப்பு இருக்குமே."

அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை. தோசை கருகி முடிந்திருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை. வழக்கம்போலத் தலையை நனைத்தாள், கிரீம் பூசினாள், துணி துவைத்தாள், சமைத்தாள். கடையில் பயன்படுத்தும் துண்டுகளும் அந்தத் துவைப்பில் சேர்த்திதான். துண்டு என்றால் டவல் இல்லை. டவலின் நூல்வளையங்கள் சுருளைப் பிடித்து இழுக்கும் என்று பழைய வேட்டிகளைக் கிழித்து வைத்திருந்தாள். சாயங்காலம் குர்த்தாவைக் கழற்றி உதறினாள். வலது தோளில் ஒரு துண்டு முடிகூட இல்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். வீட்டில் இருந்தால் உடையவில்லை. அப்படியென்றால் கடையில் இருக்கும் ஏதோ ஒன்றுதான்.

புதன்கிழமை முழுவதும் கடையைச் சல்லடை போட்டாள். சுவர் ஃபேன் வலது பக்கத்திலிருந்து அடித்தது. அதை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்தாள். வலது பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் முறுக்கு சுடுகிறவர்களின் அடுப்பு இருந்தது; சுவரில் கை வைத்துச் சூடு பார்த்தாள். ஹேர் டிரையரைத் திருப்பிப் பிடித்தாள். நாற்காலியை எதிர்ப்பக்கம் நகர்த்தினாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியது பெரிய தப்பு. உடைவது நின்றிருந்தால்கூட எதனால் நின்றது என்று தெரிந்திருக்காது. ஆனால் நிற்கவும் இல்லை. மத்தியானம் தோளில் அதே துண்டுகள்.

வியாழக்கிழமை சாதனா வந்தாள்.

சாதனா அடுத்த சந்துக்காரி. சயான் பக்கம் தோல் பைகள் விற்கும் ஷோரூமில் வேலை. எட்டு மாதமாக முத்துமாரியிடம் வருகிறாள். ஸ்மூத்னிங்கில் வெந்துபோன முடியை இருவருமாகச் சேர்ந்து விரற்கடை விரற்கடையாக வெட்டி, இப்போது காது வரைக்கும் நல்ல சுருட்டை, அதற்குக் கீழே கொஞ்சம் பழைய நேர்முடி என்ற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். வீட்டில் எல்லாரும் நேராக்கச் சொன்னார்கள். மணமேடையில் பறட்டைத் தலையோடு உட்காருவாயா என்று கேட்டார்கள். சாதனா இத்தனை நாளும் அசையவில்லை.

அன்று கண்ணாடியில் முத்துமாரியின் வலது பக்கம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. திரும்பி உட்கார்ந்தாள்.

"எக்கா, இது என்ன?"

"ஒடையுது."

"எதனால?"

முத்துமாரி பொய் சொல்லப் பார்த்தாள். வாய் வரவில்லை. "தெரியல," என்றாள். "தண்ணின்னு நெனச்சேன், எண்ணெய்ன்னு நெனச்சேன், ஃபேன்னு நெனச்சேன், எதுவும் இல்ல."

சாதனா அந்தக் குட்டை முனைகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நீ எனக்குச் சொன்னதெல்லாம்தான ஒனக்கும் பண்ணுத? அதே கிரீமு, அதே எண்ணெய். ஒனக்கே ஒடையுதுன்னா என் தலை என்னக்கா ஆகும்?" என்று கேட்டாள்.

"ஒனக்கு ஒடையலயே."

"இன்னிக்கி ஒடையல. கல்யாணம் முடிஞ்சி ஒடைஞ்சா? அம்மா செம்பூர்ல ஒரு பார்லர்ல ஞாயித்துக்கிழமை அப்பாயின்ட்மென்ட் எடுத்து வச்சிருக்காவ. நான் வர மாட்டேன்னு சொல்லிட்டிருந்தேன். அப் மே கியா போலூம்? இப்ப நான் என்னன்னு சொல்ல?"

"சனிக்கெழம சாயங்காலம் வா. அதுக்குள்ள கண்டுபிடிக்கேன்."

"கண்டுபிடிக்கலன்னா?"

"போயி நேராக்கிக்கோ," என்றாள் முத்துமாரி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சாதனாவின் தலையில் மறுபடி அந்த மருந்து ஏறினால் எட்டு மாத வேலையும் ஒரே மத்தியானத்தில் வெந்துபோகும். அவள் ஒருத்தி மட்டும் இல்லை. சாதனா நேராக்கிக்கொண்டாள் என்ற செய்தி சந்துக்குச் சந்து போகும். சுருட்டைக் கடைக்காரியின் முடியே முறிகிறதாம் என்ற செய்தி அதற்கு முன்னால் போகும்.

வெள்ளிக்கிழமை கடையைத் திறந்ததும் விளக்கைப் போட்டு, ஒரு வேலையும் தொடங்காமல் நேராகக் கண்ணாடி முன் போய் நின்றாள். இதை அவள் முன்பே செய்திருக்க வேண்டும். முடித் துண்டுகள் ஏற்கெனவே வலது தோளில் இருந்தன.

கடையில் இன்னும் ஒரு சீப்பைக்கூடத் தொடவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது தோளைத் தட்டிவிட்டுத்தான் வந்தாள். அப்படியென்றால் கடையும் இல்லை, வீடும் இல்லை. வீடு, கடை என்று இரண்டு இடங்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தாள். நடுவில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. மான்குர்த்திலிருந்து குர்லா வரை ஒரு ட்ரெய்ன், குர்லாவில் பாலம் ஏறி இறங்கி, அங்கிருந்து சயானுக்கு இன்னொரு ட்ரெய்ன். பழைய வீட்டில் இருந்தவரை இது கிடையாது. செவ்வாய்க்கிழமையும் கிடையாது.

ஆனால் ட்ரெய்னில் என்ன உடைக்கும்? காற்று என்று நினைத்தாள். சனிக்கிழமை காலையில் வாசலில் நிற்காமல், நெரிசலுக்கு உள்ளே போய் நின்றுகொண்டு வந்தாள். கடையில் வந்து பார்த்தால் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் துண்டுகள்.

அன்று நாள் முழுவதும் மழை. சாயங்காலம் சாதனா குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். முத்துமாரியின் முகத்தைப் பார்த்ததும் பதில் தெரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பரவால்லக்கா. விடு."

"ட்ரெய்ன்ல வரும்போதுதான் ஒடையுது. காத்துன்னு நெனச்சேன், அதுவும் இல்ல. அது வரைக்கும் வந்துட்டேன்."

"ட்ரெய்ன்லயா? அப்பம் எனக்கு நிச்சயம் ஒடையும்," என்றாள் சாதனா. "கல்யாணத்துக்குப் பொறவு அம்பர்நாத்துல இருந்து நான் தினம் ட்ரெய்ன்லதான வரணும்."

முத்துமாரிக்கு இது தோன்றவே இல்லை. வேட்டித் துண்டுகளை மடித்தாள். சாதனா சும்மா இருக்க முடியாதவள். ஆணியில் தொங்கிய முத்துமாரியின் முதுகுப்பையை எடுத்து மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். நாள் முழுக்கப் பை விற்கிறவளுக்கு அது பழக்கதோஷம்.

"என்னக்கா பை இது? உள்ள கல்லு வச்சிருக்கியா?"

"தொவச்ச துண்டுங்க கொண்டாந்தேன். மழைல சரியாக் காயாதுல்லா, அதான் கனம்."

"வலது பட்டைல தையலே விட்டுப்போச்சி. இடது புதுசு கணக்கா இருக்கு." சாதனா பட்டையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். பட்டையைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் வளையத்தின் இடுக்கிலிருந்து நகத்தால் எதையோ இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. கறுப்பாக, சுருள் சுருளாக ஒரு சின்ன உருண்டை. "எக்கா, இது ஒன் முடிதான?"

முத்துமாரி மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டாள்.

"பேக்க மாட்டு," என்றாள்.

"என்னது?"

"நீ மாட்டு. ட்ரெய்ன் வருதுன்னு வச்சிக்கோ. பின்னால போட்டிருக்கிற பேக்க முன்னால கொண்டா."

பம்பாய் ட்ரெய்னில் யாரும் முதுகில் பையோடு ஏறுவதில்லை. ஏறினால் பின்னால் இருக்கிறவர்கள் விடமாட்டார்கள். "பேக் ஆகே லோ", பையை முன்னால் போடு என்று கத்துவார்கள். ஆகையால் வண்டி வந்து நிற்பதற்குள் எல்லாரும் பையைச் சுழற்றி நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்துவிடுவார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். சாதனாவும் யோசிக்காமல் செய்தாள். இடது கையை முதலில் பட்டையிலிருந்து உருவினாள். இப்போது முழுக் கனமும் வலது தோளில். அந்தத் தோளை அச்சாக வைத்துப் பை ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் வந்தது. பிறகு இடது கையை நுழைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம். மெதுவா," என்றாள் முத்துமாரி.

இந்தத் தடவை அவள் சாதனாவின் முகத்தைப் பார்க்கவில்லை, வலது தோளைப் பார்த்தாள். இடது பட்டை தூக்கி எடுக்கப்பட்டது. அங்கே முடி விடுபட்டுவிட்டது. வலது பட்டை தூக்கப்படவே இல்லை. தோளிலேயே முறுக்கிக்கொண்டு திரும்பியது. தோளுக்கும் பட்டைக்கும் நடுவில் முடி இருந்தால் அது அம்மிக்கும் குழவிக்கும் நடுவே அகப்பட்டதுபோலத்தான். சாதனாவின் முடி இப்போதைக்குக் காதுக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிட்டதால் தப்பித்தது.

"ஆனா எக்கா," என்றாள் சாதனா, "இந்த பேக் ஒங்கிட்ட எத்தனயோ வருசமா இருக்கு. செம்பூருக்குச் சாமான் வாங்கப் போகும்போதும் இதத்தான் போடுத. அப்பல்லாம் ஒடையலயே. ட்ரெய்ன்ல லேடீஸ் டப்பால இருக்கிற எல்லாப் பொம்பளைக்கும்லா பேக் இருக்கு? அவங்களுக்கு ஒடையுதா?"

நல்ல கேள்வி. முத்துமாரி சுற்றிலும் நடந்தாள். அந்தக் கடையில் சுற்றி நடக்க இரண்டடிதான் இடம், அதிலேயே நடந்தாள். செம்பூருக்கு மத்தியானத்தில் போவாள். சாயங்காலம் வீடு திரும்பும்போதும் இதே பை, இதே சுழற்சிதான். அப்போது தோளில் துண்டு கிடப்பதில்லை. காலைக்கும் சாயங்காலத்துக்கும் என்ன வித்தியாசம்?

தரையில் கிடந்த தன் முடிகளில் வெள்ளை முடிச்சோடு இருந்த இரண்டைத் தேடி எடுத்தாள். ஒன்றைப் பேசின் தண்ணீரில் போட்டாள். காய்ந்ததைச் சாதனாவின் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னாள். அது கொஞ்சம்போல நீண்டு, பிடிவாதமாக நின்றது.

"இப்ப இத."

நனைந்த முடி இழுக்க இழுக்க ரப்பர்போல நீண்டுகொண்டே வந்தது. முத்துமாரி அதைப் பையின் பட்டை விளிம்பில் குறுக்காக வைத்து, மேலே விரலால் அழுத்தி, ஒரு சுண்டு சுண்டினாள். சத்தமில்லாமல் இரண்டாகியது. காய்ந்ததை அதே மாதிரி செய்தாள். அது நழுவி வந்துவிட்டது, முறியவில்லை.

"முடிக்குள்ள ரெண்டு பிடிமானம் இருக்கு," என்றாள். பேச்சு வேகமாக வந்தது. "ஒண்ணு தண்ணி பட்டா விட்டுரும், காஞ்சா மறுபடி பிடிச்சிக்கிடும். அதனாலதான் காலைல நனைச்சுச் சுருட்டி விட்டா, காயும்போது சுருள் அப்பிடியே நிக்கிது. இன்னொண்ணு தண்ணிக்கு அசையாது. அதத்தான் ஸ்மூத்னிங் மருந்து அறுக்கும். நனைஞ்ச முடில பாதிப் பிடிமானம் கெடையாது. ஊதிப் போயி, செதிலெல்லாம் தூக்கிக்கிட்டு நிக்கும். அந்த நேரத்துல மேல கனமா ஒண்ணு தேய்ச்சா போச்சி."

"நீ காலைல நனைச்சிட்டு வார."

"அதுவும் ஒடையுதுன்னு தெரிஞ்ச பொறவு இன்னும் நல்லா நனைச்சிட்டு வாரேன். மழைக்காலம் வேற, சயான் வரைக்கும் காயாது. பழைய வீட்டுலயும் காலைலதான் நனைப்பேன், ஆனா அங்க பேக்கும் இல்ல, ட்ரெய்னும் இல்ல. செவ்வாய்க்கெழம நனைச்சேன், பேக் போடல. சாயங்காலம் பேக் போடுதேன், முடி காஞ்சிருக்கு. தனித்தனியா ரெண்டும் ஒண்ணும் பண்ணல. ரெண்டும் ஒரே நேரத்துல வந்தாத்தான் ஒடையுது."

சாதனா உருண்டையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். "கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றாள். "தண்ணின்னு சொன்ன, பொறவு எண்ணெய், ஃபேன், காத்துன்ன. ஒவ்வொண்ணும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சி. நாளைக்குப் பத்து மணிக்குச் செம்பூர்ல இருக்கணும். அம்மாகிட்ட நான் இந்த முடி உருண்டைய வச்சி வாதாட முடியாதுக்கா. கண்ணால காட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துமாரி தலையை இரண்டு பக்கமும் ஒரே அளவாக நனைத்தாள். தோள்களின் மேல் ஒரு வெள்ளை வேட்டித் துண்டைப் போர்த்தி, கழுத்தில் பின் குத்திக்கொண்டாள். அதைப் பார்த்துச் சுடலைக்கண்ணன், "யாருக்கு முடி வெட்டப் போற, ட்ரைவருக்கா?" என்றான். பிறகு பையை எடுத்துக் கொடுத்தான். "எந்தத் தோள்?"

"இன்னிக்கு இடது."

அதுதான் சோதனை. வலது கையை முதலில் உருவி, இடது தோளில் பையைச் சுழற்றுவது. மற்றதெல்லாம் அப்படியே. கை பழகாததால் வீட்டிலேயே செய்து பார்த்துக்கொண்டாள். மான்குர்த் பிளாட்பாரத்தில் வண்டி வரும்போது தடுமாறி, பக்கத்தில் நின்றவள் மேல் இடித்தாள்.

"கியா பாயி, பார்லர் சாத் மே லேகே சல்தி?" என்றாள் அவள், வெள்ளைத் துணியைப் பார்த்து. பார்லரைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறாயா என்று கேட்டதும் லேடீஸ் டப்பாவில் நாலு பேர் சிரித்தார்கள். முத்துமாரியும் சிரித்தாள், ஆனால் கண் துணியை விட்டு நகரவில்லை.

குர்லாவில் இறங்கி, பையைப் பழையபடி முதுகுக்குத் திருப்பி, பாலத்தின் கீழே ஓரமாக நின்று அதைக் கழற்றி வைத்துவிட்டுத் துணியை அவிழ்த்தாள். வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இத்தனை வாரமாக முடி உடையாத இடது பக்கத்தில், பொடிப்பொடியாகக் கறுப்புத் துண்டுகள்.

தன் முடி முறிந்து கிடப்பதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவள் நினைத்ததில்லை. துண்டுகள் சிதறாமல் துணியை மடித்துப் பையில் வைத்தாள். பாதிச் சோதனைதான் முடிந்திருந்தது. எது உடைக்கிறது என்று காட்டியாயிற்று; எது காப்பாற்றுகிறது என்று இன்னும் காட்டவில்லை. ஈர முடியை முழுவதும் மேலே அள்ளி, இழுத்துக் கட்டாமல், இன்னொரு வேட்டித் துண்டால் உச்சந்தலையில் லேசாகச் சுற்றினாள். தோளில் புதிய வெள்ளைத் துணி. பிறகுதான் பையை மாட்டினாள். வேண்டுமென்றே முதலில் ஒரு தோளிலும், அடுத்து மறு தோளிலும் சுழற்றிவிட்டு வண்டி ஏறினாள்.

சயானில் இறங்கியபோது சாதனா எதிர்ப் பிளாட்பாரத்துப் பாலப் படியில் நின்றாள். கூடவே அவள் அம்மா முருகம்மாள், கையில் குடையோடும் பிளாஸ்டிக் பையோடும். செம்பூருக்குப் போக அவர்கள் ஏற வேண்டிய குர்லா வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"ஏட்டி மாரி, என்ன இது முண்டாசு?" என்றாள் முருகம்மாள். "இவ வர மாட்டேங்கா. ஒன்னப் பாத்துட்டுத்தான் ஏறுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா."

"ஒரு நிமிசம் சித்தி." முத்துமாரி பையை இறக்கி, குர்லாவில் மடித்து வைத்த துணியைப் படியில் விரித்தாள். "இது நான் எப்பவும் வார மாதிரி, தலை ஈரமா. பேக்க மட்டும் இடது தோள்ல சுத்துனேன். பாருங்க, எந்தப் பக்கம் ஒடைஞ்சிருக்குன்னு." பிறகு தோளிலிருந்த துணியைக் கழற்றி அதன் பக்கத்தில் விரித்தாள். "இது இப்ப, முடிய மேல தூக்கிக் கட்டுன பொறவு. ரெண்டு தோள்லயும் சுத்துனேன்."

முருகம்மாள் குனிந்து பார்த்தாள். கைவிரலால் தடவியும் பார்த்தாள். வெறும் துணி.

"அப்பம் கிரீமுல ஒண்ணும் இல்லயா?"

"கிரீமுல இல்ல, தண்ணில இல்ல, சுருட்ட முடிலயும் இல்ல சித்தி."

"கல்யாணத்தன்னிக்கு இவ தல பறட்டையா நின்னா மாப்ள வீட்டுல என்னத்தான் கேப்பாவ."

"நிக்காது. அன்னிக்குக் காலைல நானே வந்து பண்ணுதேன்."

முருகம்மாள் பாதி நம்பினாள், பாதி நம்பவில்லை. சாதனா போனை எடுத்தாள். செம்பூர் பார்லர் எண்ணை அழுத்தி, "ஆஜ் கா கேன்சல் கர் தீஜியே," என்றாள். இன்றைக்கு வேண்டாம் என்று அவள் சொன்னது அம்மாவுக்கும் புரிந்தது. முருகம்மாள் குடையைப் படியில் ஊன்றிக்கொண்டு மகளையும் முத்துமாரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரிக்கா," என்றாள் சாதனா போனை வைத்துவிட்டு. "அம்பர்நாத்துல இருந்து வரும்போது நான் என்ன பண்ணணும்? ஒழுங்காச் சொல்லு, ரெண்டு தரம் கேக்க வைக்காத."

குர்லா வண்டி இரைச்சலோடு வந்துகொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இடது கையை உருவி, வலது தோளில் பையைச் சுழற்றி முன்னால் கொண்டுவந்தார்கள். அந்த இரைச்சல் ஓயும்வரை முத்துமாரி காத்திருந்தாள்.

"தலைய மொத நாள் சாயங்காலமே நனைச்சி, காய விட்டுரு," என்றாள். "காலைல நனைச்சே ஆகணும்னா, பேக்க மாட்டுறதுக்கு முன்னாடி முடிய மேல தூக்கி, பருத்தித் துணில லூசாக் கட்டிரு. எறங்கி, பேக்கக் கழட்டுன பொறவு அவுத்து விடு. ஈர முடி மேல பட்டை படக்கூடாது. அவ்வளவுதான்."